பேங்கொக் கோட்டில் ஒரு குட்டிப் பொக்கட்

அத்தியாயம் 6

ஒரு கோட்டுக்காகக் கல்முனையில் ரெண்டு குடும்பம் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தது என்றால் வெளியூர்க்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும். அது பேங்கொக்கில் தைத்த கோட், அதுவும் மாப்பிள்ளைக் கோட்.

அரிசி மில் அச்சிமுகம்மது ஹாஜியாரின் மகள் அப்னாவுக்கும், கத்தாரிலிருந்து புதிதாக வந்திறங்கிய ஷிப்லிக்கும் ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். மாப்பிள்ளைக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பது பெண் வீட்டுக்காரர் பொறுப்பு. முந்தியெல்லாம் கல்முனை பஸாரில் எடுத்தார்கள், பிறகு கொழும்பு, பிறகு சென்னை. இப்போது சென்னைக்குக் கண்டவனெல்லாம் போகிறான் என்று சென்னைக்கும் மதிப்புப் போய்விட்டது. இந்த நேரம் பார்த்து ஒரு டிரவல்ஸ்காரர் ‘உடுப்புத் தைக்கும் டுவர்’ என்று ஒன்றைக் கிளப்பி, ஏழு பேரைச் சேர்த்து பேங்கொக்குக்கு ஏற்றினார். ஹாஜியாரும் பெண்சாதியும் போனார்கள். பெண் வீடு போய், தான் போகாவிட்டால் என்ன மரியாதை என்று மாப்பிள்ளையின் உம்மா ஸைனம்பும் ஏறிக்கொண்டார்.

போனவர்கள் அங்கே பார்த்தது ஒரு துணிச் சந்தை, ஒரு டெய்லர் கடை, ஹோட்டல் அறைக்குள் தாங்களே ஆக்கிய சோறும் டின்மீனும். முதல்நாள் ஒருவர் சாம்பல் நீலத்தில் ஒரு துணி எடுத்தார். அவர் எடுத்ததை மற்றவர் எடுக்காமல் விட மனம் கேட்குமா? ஏழு பேரும் அதே துணியைச் சுருள் சுருளாக வாங்கி வந்தார்கள். இப்போது கல்முனையில் பாதி அலுமாரி சாம்பல் நீலம்.

இங்கிலீஷ் கதைக்க ஆள் வேண்டுமென்று இவர்கள் கூட்டிப்போனது றஸ்னாவை. கல்முனைக்குடியில் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் கொடுக்கிறவள். முப்பது தாண்டியும் கலியாணம் ஆகவில்லை, படுக்கையில் கிடக்கும் உம்மாவை அந்த டியூஷனை வைத்துத்தான் பார்க்கிறாள். கட்டுநாயக்காவிலிருந்து வேனில் வரும்போது கோட் கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தது அவள். ஹாஜியார் வீட்டில் கலியாண பெயின்ட் காயாததால் அன்றிரவு கோட்டைத் தன் வீட்டில் வைத்திருந்ததும் அவள். மறுநாள் அது ஹாஜியார் வீட்டுக்குப் போய், அங்கிருந்து தட்டில் பூவோடும் அத்தரோடும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது.

அங்கே நாலு நாள் கழித்து ஸைனம்பு சொந்தக்காரப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கோட்டைத் திறந்து பேங்கொக் லேபலைக் காட்டப் போனார். லேபலைக் காணவில்லை. கோட்டில் மிச்சமெல்லாம் இருந்தது, கோட் எதற்காக வாங்கப்பட்டதோ அது மட்டும் இல்லை. இது வேறு கோட், நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த நேரமே திருப்பி அனுப்பினார். நாங்கள் கொடுத்தது அசல் என்றது பெண் வீடு. எங்களுக்கு வந்தது போலி என்றது மாப்பிள்ளை வீடு. சம்பந்தம் முறியப் போகிற நேரத்தில் யாரோ றஸ்னாவின் பெயரை எடுத்தார்கள், ரெண்டு வீடும் உடனே ஒற்றுமையாகிவிட்டது. பட்டப்பகலில் இரு வீட்டுப் பெண்களும் சேர்ந்து போய் அவள் வீட்டை உலைத்துத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததை அவளுடைய கெட்டித்தனத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். டியூஷனுக்கு வந்த பிள்ளைகளை உம்மாமார் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் ஹாஜியார் ஸுஹைறாவைக் கூப்பிட்டார். ஸுஹைறாவின் தொழில் மாப்பிள்ளை விசாரிக்கிறது. பெண் கொடுக்குமுன் பையன் தொழுகிறானா, சிகரட் குடிக்கிறானா, ஏற்கெனவே எங்காவது ஒரு குடும்பம் வைத்திருக்கிறானா என்று விசாரித்துச் சொல்வார். பேக்கரிக்கு மேல்மாடியில் ‘துப்பறியும் நிலையம்’ என்று போர்டும் உண்டு. ஷிப்லியை விசாரிக்க அவரை யாரும் கூப்பிடவில்லை. கத்தார் மாப்பிள்ளையில் விசாரிக்க என்ன இருக்கிறது என்று ஹாஜியார் நினைத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை ஸுஹைறாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது றிபாஸ். மூத்த சகோதரியின் மகன், அவனுக்கு இவர் சாச்சி. சாரதி, உதவியாளர், தேவைப்பட்டால் மெய்க்காப்பாளர். சம்பளம் கேட்டால் ‘நீ என்ட புள்ளதானே’ என்பார் சாச்சி, ஆகவே அவன் தன்னைப் பங்காளி என்று சொல்லிக்கொள்வான்.

ஹாஜியார் சத்தம் போடாமல் விஷயத்தைச் சொன்னார். கோட் அந்தப் பெட்டையிடம்தான் இருக்கிறது, பக்குவமாகக் கதைத்து வாங்கித் தந்தால் போதும், போலீசுக்குப் போனால் குடும்ப மானம் போகும் என்றார். ஸுஹைறா திரும்பி வந்த கோட்டைக் கேட்டு வாங்கி, கதிரையில் விரித்து, உள்பக்கம் புரட்டி, தடவித் தடவிப் பார்த்தார். இடதுபக்க உள்பட்டியில் அவர் விரல் நின்றது. அங்கே ஒரு குட்டிப் பொக்கட், சுண்டுவிரல் அகலம், உள்ளே ஆழமாக இறங்கியது.

“பேனாப் பொக்கட் சாச்சி,” என்றான் றிபாஸ்.

“பேனாக்கு மேல ஒண்டு இருக்கு. இது வேற.”

சொல்லிக்கொண்டே அவன் சட்டைப் பொக்கட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மிஸ்வாக் குச்சியை உருவினார். அந்தக் குட்டிப் பொக்கட்டுக்குள் விட்டார். பல் துலக்கும் நுனி மட்டும் வெளியே தெரிய, குச்சி அளவாகப் போய் உட்கார்ந்தது. வாங்கி ஒரு வருஷமாகியும் இந்த மிஸ்வாக் புதிதாகவே இருக்கிறதே என்று கேட்டார் சாச்சி. அடுத்தவர் விசாரணைக்குத் தேவைப்படும் என்றுதான் பாவிக்காமல் வைத்திருந்தேன் என்றான் றிபாஸ்.

கோட்டையும் எடுத்துக்கொண்டு அங்கிருந்து நேரே றஸ்னா வீட்டுக்குப் போனார்கள். முன்னறையில் பெஞ்சுகள் கிடந்தன, பிள்ளைகள் இல்லை. றஸ்னா வாசலை விட்டு நகராமல் நின்றாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

“நீங்களும் தேடணுமெண்டா தேடுங்க. நான் எடுக்கல்ல எண்டு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது.”

தேட வரவில்லை, ரெண்டு கேள்வி கேட்க வந்தேன் என்று ஸுஹைறா வாசலுக்கு வெளியிலேயே நின்றார். முதல் கேள்வி, பேங்கொக் டெய்லரிடம் மிஸ்வாக்குக்குப் பொக்கட் வைக்கச் சொன்னது யார்? றஸ்னா முழித்தாள். யாரும் சொல்லவில்லை என்றாள். மிஸ்வாக்குக்கு இங்கிலீஷில் என்ன சொல்வது என்று தனக்கே தெரியாது, சொல்லியிருந்தாலும் அந்த ஆள் அதைக் கண்டிருக்கவே மாட்டார் என்றாள். ரெண்டாவது, மாப்பிள்ளை கத்தாரில் இருக்கும்போது அளவு எப்படி எடுத்தார்கள்? ஸைனம்பு மாமி அளவு உடுப்புக்கு மகனுடைய கோட் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், டெய்லர் அதை மேசையில் விரித்து அளந்துகொண்டார் என்றாள். ஸுஹைறா தலையை ஆட்டினார். றிபாஸுக்கு அதில் தலையாட்ட என்ன இருக்கிறது என்று விளங்கவில்லை.

ஆட்டோ பஸாருக்குத் திரும்பும்போது சாச்சி விளக்கினார். பேங்கொக்காரன் கேட்காமல் மிஸ்வாக்குப் பொக்கட் வைக்கமாட்டான். கேட்காமலே வைப்பவன் நம்மட ஊர் டெய்லர். ஜுப்பாவுக்கு வைத்து வைத்துக் கை பழகிவிட்டது, கோட் தைத்தாலும் கை தானாக வைக்கும். ஆகவே இந்தக் கோட் இங்கேதான் தைத்தது. துணி கிடைப்பது பெரிய காரியமா, எல்லா அலுமாரியிலும் கிடக்கிறதே.

அப்படியென்றால் ஒவ்வொரு கடையாகப் போய், இதைத் தைத்தது நீங்களா என்று கேட்போம் என்றான் றிபாஸ். கேட்டால் ஒருத்தனும் ஓம் என்று சொல்லமாட்டான் என்றார் சாச்சி. கோட் தைக்கத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் மூன்று பேர்தான், மூன்று பேரிடமும் வேறொன்று கேட்கப்போகிறேன், நீ வாயை மூடிக்கொண்டு நில் என்றார். அந்தக் கடைசிக் கட்டளைதான் அவனுக்குக் கஷ்டமாக இருந்தது.

பஸாரில் முதல் கடை. ஸுஹைறா கோட்டை மேசையில் போட்டு, மாப்பிள்ளைக்கு இந்தக் குட்டிப் பொக்கட் பிடிக்கவில்லையாம், பிரித்து எடுத்துத் தாருங்கள் என்றார். டெய்லர் கோட்டைப் பார்க்கக்கூட இல்லை. பிளேடை எடுத்தார். ஸுஹைறா கோட்டை இழுத்துக்கொண்டு, பிறகு வருகிறோம் என்று வெளியே வந்தார்.

ரெண்டாவது கடை சாய்ந்தமருதில். அங்கே டெய்லர் பெருநாள் வேகத்தில் இருந்தார். சாச்சி சொல்லி முடிக்குமுன் ரெண்டு தையல் போய்விட்டது. றிபாஸ் பாய்ந்து பறித்தான்.

“இப்பிடியே போனா சாச்சி, ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை கையை மட்டும் போட்டுக்கிட்டுத்தான் வரணும்.”

மூன்றாவது கடைக்கு மருதமுனை வரை போகவேண்டியிருந்தது. சீனிமுகம்மது காக்கா மெஷினில் இருந்தார், கழுத்தில் அளவு நாடா, மூக்கு நுனியில் கண்ணாடி. ஸுஹைறா அதே கதையைச் சொன்னார். காக்கா கோட்டைக் கையில் வாங்கினார், பொக்கட்டைப் பார்த்தார், அறுந்து தொங்கிய ரெண்டு நூலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. எந்தப் படுபாவி இதில் பிளேட் வைத்தது என்று கேட்டார். பிறகு கோட்டை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இதைப் பிரிக்க முடியாது, இது கிடப்பதால் யாருக்கு என்ன நஷ்டம் என்றார்.

“மாப்பிள்ளைக்குப் பிடிக்கல்லயாம் காக்கா,” என்றார் ஸுஹைறா.

“பிடிக்கல்லயா? அளவெடுக்கக்குள்ள மனுசன் வாய் திறக்கல்லயே.”

சொன்ன பிறகுதான் காக்காவுக்குத் தான் சொன்னது விளங்கியது. மெஷினில் இருந்த காலை எடுத்தார். றிபாஸ் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும் என்பதையே மறந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றான். யாருடைய வாயிலிருந்தாவது திருடன் பெயர் வரும் என்று எதிர்பார்த்தவனுக்கு, மாப்பிள்ளையே வந்து அளவு கொடுத்தார் என்ற செய்தியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மிச்சத்தை இழுத்தெடுக்க நேரம் செல்லவில்லை. தட்டு வந்த அன்றே ஷிப்லி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கோட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறான். பொத்தான் பூட்டவில்லை. மறுநாள் உம்மாவின் அலுமாரியில் இருந்து அதே சாம்பல் நீலத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத தூரம் என்று மருதமுனைக்கு வந்து, இதேபோல ஒன்று, ஆனால் வயிற்றுப் பக்கம் தாராளமாகத் தைக்கச் சொல்லியிருக்கிறான். லேபலையும் கழற்றி இதில் வைக்கச் சொன்னானாம். அதற்குத்தான் காக்கா மறுத்துவிட்டார். என் கையால் தைத்ததற்கு இன்னொருத்தன் பெயரை வைப்பதா, அது ஹராம் என்றார். அசல் கோட்டை வெட்டி எறியச் சொன்னானாம். நல்ல துணி, வெட்ட மனம் வரவில்லை என்று உள்ளே போய் ஒரு பொலித்தீன் உறையைக் கொண்டுவந்து வைத்தார். உறைக்குள்ளே பேங்கொக் லேபல் தங்க எழுத்தில் மின்னியது.

றஸ்னாவைப் பற்றி ஊர் கதைத்தது காதில் விழவில்லையா என்று ஸுஹைறா கேட்டார். வேலை மும்முரத்தில் ஊர்க்கதை கேட்க நேரமில்லை என்றார் காக்கா. டெய்லர் கடையில் ஊர்க்கதைக்கு நேரமில்லை என்பதை ஸுஹைறா நம்பவில்லை, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார். காக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விழுந்தது, பயந்து பேசாமல் இருந்துவிட்டேன் என்றார்.

திரும்பும் வழியில் றிபாஸுக்குப் பகிடி வரவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து அவள் உடுப்பையெல்லாம் கிளறும்போது இந்த மாப்பிள்ளை தன் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவைக் கன்னாபின்னாவென்று ஓட்டினான்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் வீட்டு ஹோலில் ரெண்டு குடும்பத்தையும் இருத்தினார்கள். மாப்பிள்ளை நிக்காஹுக்கு முன் பெண் வீட்டுக்கு வருவது முறையில்லை என்று ஸைனம்பு கொஞ்சம் இழுத்துப் பார்த்தார். கோட் கிடைத்துவிட்டது என்றதும் முறை மறந்துவிட்டது. ஸுஹைறா பொலித்தீன் உறையைப் பிரித்து, கோட்டை ஷிப்லியிடம் நீட்டினார். அவன் வெளிறிப்போனான். பிறகு போடுகிறேன் என்றான்.

“போடு மனே. உன்ட அளவுதானே,” என்றார் ஸைனம்பு. லேபலைக் கண்ட சந்தோஷத்தில் இருந்தார் பாவம்.

போட்டான். தோள் சரி, கை நீளம் சரி. பொத்தானுக்கும் அதன் துவாரத்துக்கும் நடுவே ஒரு கை போகும் இடைவெளி. மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தான், பொத்தான் கிட்ட வந்ததாகத் தெரியவில்லை. போன கிழமை ரெண்டு சம்பந்திமாரும் நின்ற தூரம் இது என்றான் றிபாஸ்.

அளவுக்குக் கொடுத்த கோட் எந்தக் காலத்துக் கோட் என்று ஸுஹைறா ஸைனம்பிடம் கேட்டார். மகன் கத்தாருக்குப் போகுமுன் போட்டது என்றார் அவர். அங்கே சோறு கறி ஒழுங்காகக் கிடைக்காமல் பிள்ளை மெலிந்துதான் வருவான், கொஞ்சம் பிடித்துத் தைக்கச் சொல்வோமா என்றுகூட அப்போது யோசித்தேன் என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். ஷிப்லி குனிந்த தலை நிமிரவில்லை. போட்டோவில் பார்த்துச் சம்மதித்த பெண்ணுக்குப் பொத்தான் பூட்டாத மாப்பிள்ளையாகப் போய் நிற்க வெட்கமாக இருந்தது, அதனால்தான் செய்தேன் என்று தரையைப் பார்த்தே சொன்னான்.

ஹாஜியார் அனுபவஸ்தர், விஷயத்தை முடித்துக்கட்டப் பார்த்தார். நடந்தது நடந்துவிட்டது, எயார்போர்ட்டில் பேக் மாறிவிட்டது என்று ஊருக்குச் சொல்லுவோம், றஸ்னாவுக்கு ஒரு உடுப்புத் துணி கொடுத்து மனதை ஆற்றுவோம், சாம்பல் நீலத்தில் வீட்டில் நிறையக் கிடக்கிறது என்றார். ரெண்டு வீட்டாரும் தலையை ஆட்டினார்கள். றிபாஸ் கொதித்து எழும்பினான். ஸுஹைறா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். அவர் பார்வை உள்ளறைத் திரையில் இருந்தது. திரையை விலக்கிக்கொண்டு மணப்பெண் அப்னா வெளியே வந்தாள்.

“வாப்பா, நிக்காஹுக்கு முந்தி எங்கிட்ட சம்மதம் கேப்பீங்கதானே?”

“ஓம் மகள்.”

“அத இப்பவே சொல்லிர்றன்.” ஷிப்லியின் பக்கம் திரும்பினாள். “உடம்பு எனக்கொரு விஷயமில்ல. அந்த ராத்தாட ஊட்டுக்குள்ள பூந்து தேடினாங்களே, அது உங்களுக்குத் தெரியும்தானே?”

“ஓம்.”

“அவங்க எடுக்கல்ல எண்டும் தெரியும்.”

“ஓம்.”

“நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு சனம் வெளிய வார நேரம், இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டு அவங்கட ஊட்டுக்கு நடந்து போங்க. போய்ச் சொல்லுங்க. தேடப் போன ஆக்களெல்லாம் பின்னால வரணும், என்ட உம்மாவும்தான். இல்லாட்டி ஞாயித்துக்கிழமை என்னக் கேக்க வராதீங்க.”

ஹாஜியார் ஊர் சிரிக்கும் என்றார். சிரிக்கட்டும் வாப்பா, றஸ்னா ராத்தாவைப் பார்த்துச் சிரிக்கல்லயா என்று சொல்லிவிட்டு அப்னா உள்ளே போய்விட்டாள். ஸைனம்பு மகனின் முகத்தைப் பார்த்தார், மகன் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து சனம் வீதி நிறைய இறங்கி வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே சாம்பல் நீலக் கோட் போட்ட மாப்பிள்ளை, பொத்தான் திறந்தபடி, வேர்த்து ஊற்ற நடந்தான். பின்னால் ஸைனம்பு, ஹாஜியார் பெண்சாதி, தேடப் போன மற்றப் பெண்கள். அதற்கும் பின்னால் றிபாஸின் ஆட்டோ ஊர்ந்து வந்தது. சாச்சி பின் சீற்றில் இருந்தார். இடையில் திரும்பி ஓடினால் பிடிக்க ஆள் வேண்டாமா என்று றிபாஸ் கேட்டான். ஓடமாட்டான், ஓடினால் தையல் விடும் என்றார் சாச்சி.

ஷிப்லி ஓடவில்லை. றஸ்னா வீட்டுக் கேற்றுக்கு முன்னால் போய் நின்றான். முன்வீட்டு மதிலுக்கு மேலே நாலைந்து தலைகள் எழும்பின. டியூஷனை நிறுத்திய உம்மாமார் வீடுகள்தான் அந்த ஒழுங்கை முழுக்க. றஸ்னா வந்து கேற்றுக்கு உள்ளே நின்றாள், திறக்கவில்லை.

கோட்டை மாற்றியது நான், நீங்கள் எடுக்கவில்லை, தெரிந்துகொண்டே பேசாமல் இருந்துவிட்டேன், என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவன் சொன்னான். வாய்க்குள்ளேயே சொன்னான். பின்னால் நின்ற உம்மாவுக்குக்கூட அது கேட்டிருக்காது.

றஸ்னா ஒழுங்கையின் ரெண்டு பக்கத்தையும் ஒருதரம் பார்த்தாள்.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தம்பி. மதிலுக்கு அங்கால கேக்கல்ல.”

ஷிப்லி கண்ணை மூடிக்கொண்டு, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, முதலிலிருந்து சொன்னான். ஒழுங்கை முடியும் மூலைவரை கேட்டது. மதிலுக்கு மேலே இருந்த தலைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

அதற்குப் பிறகுதான் றஸ்னா கேற்றைத் திறந்தாள்.